ராஜினாமா கடிதத்துக்கு முன்னால் முடிக்க வேண்டிய இசை வேலைகள்

வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இசையில் இறங்கப் போகிறீர்களா? முதலில், வேலையில் சேர்ந்தபோது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். வெளியில் சம்பாதிக்கத் தடை இருக்கிறதா? பணியில் இருக்கும்போது நீங்கள் உருவாக்குவதெல்லாம் நிறுவனத்துக்குச் சொந்தம் என்று எங்காவது எழுதியிருக்கிறதா? இருந்தால் அலுவலக லேப்டாப்பில் ஒரு டியூனைக்கூடப் பதிவு செய்யாதீர்கள். பாட்டு ஓடிவிட்டால் அவர்கள் உரிமை கோர அதுவே பிடிமானம்.

அடுத்தது பணம். கடைசி ஆறு மாத வங்கிக் கணக்கைப் பார்த்து உண்மையான மாதச் செலவைக் கண்டுபிடியுங்கள். மனக்கணக்கு எப்போதும் குறைத்தே காட்டும். அதைப் போல 12 மடங்கு கையில் வேண்டும். மைக், கிட்டார் வாங்கும் காசு இதில் சேராது. நிறுவனம் தந்த மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும் என்றால், சம்பளம் வரும்போதே சொந்தமாக ஒன்று எடுத்துவிடுங்கள்.

ஸ்ட்ரீமிங்கைச் சம்பளத்துக்கு மாற்றாக நினைக்க வேண்டாம். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் அதற்கு ராயல்டியே கணக்காகும். சோறு போடுவது பெரும்பாலும் வகுப்பு, மேடை, விளம்பர இசை, பிறர் பாட்டுக்கு மிக்ஸிங் (தனித்தனியாகப் பதிந்த குரலையும் கருவிகளையும் அளவாகக் கலப்பது). இவற்றில் ஒன்றை வேலையில் இருக்கும்போதே தொடங்குங்கள். அது ஆறு மாதம் விடாமல் பாதிச் செலவை ஈடுகட்டினால் கடிதம் கொடுக்கலாம்.

கருவிகளுக்கு அள்ளி இறைக்காதீர்கள். ஒரு மைக், மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், காதை முழுதும் மூடும் ஹெட்ஃபோன் போதும். துணிகள் நிறைந்த அலமாரியைத் திறந்து, அதற்கு முதுகைக் காட்டி நின்று பாடினால் எதிரொலி பெருமளவு அடங்கும். 24 பிட் தரத்தில், பதிவு மென்பொருள் காட்டும் அளவில் உச்சக் குரல் மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல் பதியுங்கள்; ஒலி வெடித்துப் பதிந்தால் பின்னால் சரிசெய்வது பெரும்பாடு. மாஸ்டரிங்கில், அதாவது வெளியீட்டுக்கு முந்தைய கடைசி மெருகில், சத்தத்தை ஏற்றிக்கொண்டே போவதும் வீண். ஸ்ட்ரீமிங் தளம் தானாகக் குறைத்துவிடும், நசுங்கிய ஒலிதான் மிஞ்சும்.

பாட்டு முடிந்த அன்றே வரிகள், மெட்டு, பதிவு ஆகியவற்றில் யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரே தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். நண்பர்கள்தானே என்று தள்ளிப்போட்டால், முதல் காசு வரும் நாளில் சண்டையும் வரும். மெட்டின் உரிமை வேறு, ஒலிப்பதிவின் உரிமை வேறு. உங்கள் பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களில் ஏற்றித் தரும் டிஸ்ட்ரிபியூட்டர் நிறுவனம் வசூலிப்பது முக்கியமாக ஒலிப்பதிவுக்கான பணம். பாடலாசிரியர், இசையமைப்பாளர் பங்குக்கு உரிமை வசூல் சங்கத்தில் தனியாகப் பதிய வேண்டும்.

வெளியீட்டுக்கு நான்கு வாரம் முன்பே டிஸ்ட்ரிபியூட்டரிடம் பாட்டுக் கோப்பை ஏற்றுங்கள். ஸ்பாட்டிஃபை ஆசிரியர் குழுவின் பிளேலிஸ்ட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பு அனுப்பிவிடுங்கள். வெளியான பாட்டை அங்கே அனுப்ப முடியாது. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் அடையாளமாகக் கிடைக்கும், எழுத்தும் எண்ணும் கலந்த 12 இலக்க ஐஎஸ்ஆர்சி குறியீட்டைக் குறித்து வையுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றும்போது வேறு குறியீடு கொடுத்தால் பழைய கேட்பு எண்ணிக்கை கைவிட்டுப் போகலாம். காசுக்குக் கேட்பு எண்ணிக்கை விற்பவர்களை அண்டவிடாதீர்கள்: போலி என்று தளம் கண்டுபிடித்தால் பாட்டை நீக்கக்கூடும், சில டிஸ்ட்ரிபியூட்டர்கள் அபராதத்தையும் உங்கள் தலையில் கட்டுவார்கள்.