எண் சரி, கேள்வி தவறு: போக்கரில் நிகழ்தகவு சறுக்கும் இடங்கள்

போக்கர் ஆடுபவர்கள் பலருக்கு ஒரு பட்டியல் மனப்பாடமாக இருக்கும். 52 சீட்டிலிருந்து 5 சீட்டு எடுக்க 25,98,960 வழிகள். அதில் ராயல் பிளஷ் (ஒரே இனத்தில் ஆஸ், ராஜா, ராணி, ஜாக்கி, 10) வெறும் 4. ஒரு ஜோடிகூடச் சேராத கை பாதிக்குச் சற்று மேல். இரண்டு ஜோடி 100-க்கு 5 கூட இல்லை. எல்லாம் சரியான எண்கள். ஆனால் டெக்சாஸ் ஹோல்டம் என்ற போக்கர் வகையை ஆடும்போது ஒருவருக்குக் கடைசியில் கிடைப்பவை 5 சீட்டு அல்ல, 7. கையில் இரண்டு, மேசையில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து: முதலில் மூன்று (பிளாப்), பிறகு ஒன்று (டர்ன்), கடைசியில் ஒன்று (ரிவர்). ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் உண்டு. அவற்றில் சிறந்த ஐந்தைத் தேர்ந்துகொள்கிறார். அந்தக் கணக்கில் ஒன்றும் சேராத கை 17.4 சதவீதமாகச் சுருங்குகிறது. இரண்டு ஜோடி 23.5 சதவீதமாக வீங்குகிறது. பழைய பட்டியலை நம்பி, "இரண்டு ஜோடி வந்துவிட்டது, இனி யார் அடிக்கப்போகிறார்கள்" என்று பந்தய வில்லைகளான சிப்புகளைக் குவிப்பவர், வேறோர் ஆட்டத்தின் விடையை இந்த ஆட்டத்தில் எழுதுகிறார். நான் பார்த்த நிகழ்தகவுத் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். கூட்டல் பெருக்கலில் பிழை இருக்காது. வேறு ஏதோ கேள்விக்கான எண்ணை எடுத்து வந்திருப்பார்கள்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு 35 சதவீதம். கையில் ஒரே இனத்தில், ஆர்ட்டின் என்று வைப்போம், இரண்டு சீட்டு. பிளாப்பில் விரித்த மூன்றில் அதே இனம் இரண்டு. இன்னும் ஒன்று வந்தால் பிளஷ், அதாவது ஒரே இனத்தில் ஐந்து சீட்டு. நாம் பார்க்காத சீட்டுகள் 47. அவற்றில் நமக்கு வேண்டியவை 9. டர்ன், ரிவர் இரண்டையும் பார்த்தால் பிளஷ் அமையும் வாய்ப்பு 35 சதவீதம். "இரண்டையும் பார்த்தால்" என்ற சொற்கள்தான் மறந்துபோகும். நானும் ஆரம்பத்தில் மாதக்கணக்காக மறந்திருந்தேன்.

நடுவில் 100 சிப் இருக்கிறது. எதிராளி 50 வைக்கிறார் என்று கொள்வோம். நாம் 50 போட்டால் 150 கிடைக்கலாம். இங்கேயே ஒரு சிறு வழுக்கல் உண்டு: 50-ஐ 150-ஆல் வகுத்து 33 என்பார்கள். நாம் போடும் 50-உம் நடுவில் சேர்வதால் 200-ஆல் வகுக்க வேண்டும். தேவையான வெற்றி வாய்ப்பு 25 சதவீதம். கையில் 35 இருக்கிறதே, தாராளமாகப் போடலாம் என்று தோன்றும். ஆனால் இந்த 50 வாங்கித் தருவது டர்ன் சீட்டு ஒன்றை மட்டுமே. டர்னில் ஒன்றும் வராவிட்டால் எதிராளி மறுபடி பந்தயம் வைப்பார். ரிவரைப் பார்க்கத் தனிக் கட்டணம். ஒரு சீட்டுக்கான வாய்ப்பு 47-இல் 9, அதாவது 19 சதவீதம். 25 வேண்டிய இடத்தில் 19. 35 என்ற எண் முழுமையாகச் செல்லுபடியாவது, யாராவது ஒருவர் எல்லாச் சிப்பையும் உள்ளே தள்ளி, இனிப் பந்தயமே இல்லை என்ற நிலையில்தான்.

அதற்காக எப்போதும் சீட்டை மடக்கி அந்தச் சுற்றிலிருந்து விலகிவிட வேண்டுமா? இல்லை. பிளஷ் அமைந்த பிறகு எதிராளியிடமிருந்து இன்னும் எவ்வளவு கறக்க முடியும் என்பதையும் சேர்க்கலாம். மேலே சொன்ன நிலையில், 47 முறையில் 38 முறை 50 இழப்பதை 9 முறை வெல்வது ஈடுகட்ட வேண்டும். ஒரு வெற்றிக்குச் சுமார் 211 தேவை. நடுவில் இருப்பது 150. ஆகவே பிளஷ் விழுந்தபின் சராசரியாக இன்னும் 61 சிப்பாவது வர வேண்டும். எதிராளியிடம் மிச்சம் 30 சிப்தான் இருக்கிறது என்றால் பேச்சே இல்லை. மிச்சம் 500 இருந்தாலும், மூன்றாவது ஆர்ட்டின் மேசையில் விழுந்ததும் சீட்டை மடக்கிவிடும் ஆள் என்றால் அதுவும் கானல் நீர்தான்.

அடுத்தது, அந்த 9 உண்மையிலேயே 9 தானா என்ற கேள்வி. உங்கள் கையில் ஆர்ட்டின் 8, 7. பிளாப்: ஆர்ட்டின் ராஜா, ஸ்பேட் 9, ஆர்ட்டின் 4. எதிராளியின் கையில் இரண்டு ஒன்பதுகள், டைமனும் கிளாவரும். உங்களுக்குப் பிளஷ் தரும் ஆர்ட்டின் 9 அவருக்கு நான்கு ஒன்பதுகளைத் தருகிறது. நீங்கள் டர்னில் பிளஷ் அடித்த பிறகும், ரிவரில் மேசைச் சீட்டு ஒன்று ஜோடியானால் அவருக்கு ஃபுல் ஹவுஸ் (ஒரே எண்ணில் மூன்றும் இன்னொரு ஜோடியும்); அது பிளஷை அடித்துவிடும். எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் உங்கள் வெற்றி வாய்ப்பு 35 அல்ல, 27-ஐ ஒட்டித்தான் இருக்கும். எதிராளியிடம் ஆர்ட்டின் ஆஸும் ராணியும் இருந்தால் நிலைமை இதைவிடக் கேவலம்: அவருடைய பிளஷ் பெரியது என்பதால் ஐந்தாவது ஆர்ட்டின் வருவதே உங்களுக்கு நஷ்டம்.

எண்ணிக்கையில் இரட்டிப்பும் நேரும். பிளஷுக்கு 9, இருபக்கமும் திறந்த ஸ்ட்ரெய்ட்டுக்கு (வரிசையாக ஐந்து சீட்டு; நான்கு அமைந்துவிட்டது, இரு முனைகளில் ஏதாவது ஒன்றில் இன்னொன்று வந்தால் போதும்) 8, ஆகமொத்தம் 17 என்பார்கள். இரண்டு சீட்டுகள் இரண்டு பட்டியலிலும் இருக்கின்றன. சரியான விடை 15. "பிளாப்பில் நான்கால் பெருக்கு" (வேண்டிய சீட்டுகளின் எண்ணிக்கையை நான்கால் பெருக்கினால் சதவீதம் கிடைக்கும்) என்ற குறுக்குவழியையும் இங்கே கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. 9 சீட்டுக்கு 36 என்று வரும், பரவாயில்லை. 15-க்கு 60 என்று வரும்; உண்மை 54.

மற்றவர்கள் மடக்கிய சீட்டுகளை 47-இலிருந்து கழிக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. பார்க்காத சீட்டு கட்டில் இருந்தாலும் ஒருவர் கையில் இருந்தாலும் நமக்கு ஒன்றுதான்.

இவை எல்லாம் நம் சீட்டைப் பற்றிய கணக்கு. எதிராளியின் சீட்டைப் பற்றிய கணக்கில்தான் ஆட்டத்தின் சுவையே இருக்கிறது; அங்கேதான் பெரும்பாலோர் கணக்கை விட்டுவிட்டு ஜோசியத்துக்குப் போகிறார்கள். "அவரிடம் ஆஸ் ஜோடி இருக்கிறது, எனக்குத் தெரியும்" என்பார்கள். தெரியாது. எத்தனை விதமாக இருக்கலாம் என்று எண்ணத்தான் முடியும்.

கையில் ராணி ஜோடி. பிளாப் வருவதற்கு முன்பே, எச்சரிக்கையாக ஆடும் ஒருவர் எல்லாச் சிப்பையும் தள்ளுகிறார். ஆஸ் ஜோடி, ராஜா ஜோடி, ஆஸ்-ராஜா ஆகிய மூன்றுக்கு மட்டுமே அவர் இப்படிச் செய்வார் என்று கொள்வோம். மூன்றில் இரண்டு நம்மை நசுக்கும் கைகள் என்பதால் மடக்கத் தோன்றும். ஆனால் ஆஸ் ஜோடி 6 விதம், ராஜா ஜோடி 6 விதம், ஆஸ்-ராஜா 16 விதம். 28-இல் 16, பாதிக்கும் மேல், நாம் சற்று முன்னிலையில் இருக்கும் கைகள். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் வெற்றி வாய்ப்பு ஏறக்குறைய 40 சதவீதம். நடுவில் 150 சிப், நாம் போட வேண்டியது 90 என்றால் தேவை 37.5, போடலாம். அவர் ஜாக்கி ஜோடியோடும் இப்படித் தள்ளக்கூடியவர் என்றால் 47-ஐத் தொடும். ஆஸ் ஜோடி, ராஜா ஜோடி தவிர வேறெதற்கும் தள்ளாத பரம சாது என்றால் 20-க்கும் கீழே போய்விடும். அப்போது மடக்க வேண்டியதுதான். நம் கையில் இருப்பதென்னவோ அதே இரண்டு ராணிகள்தான்.

நம் கையில் ஒரு ஆஸ் இருந்தால் அவரிடம் ஆஸ் ஜோடி இருக்கும் விதங்கள் 6-இலிருந்து 3 ஆகப் பாதியாகின்றன. இந்தச் சின்னக் கழித்தலைச் செய்யாமலே, அனுபவசாலிகள்கூட ஆஸ் ஜோடிக்குப் பயந்து சாகிறார்கள்.

எதிராளிகளின் எண்ணிக்கையும் அப்படித்தான். ஆஸ் ஜோடி, ஏதோ இரண்டு சீட்டு வைத்திருக்கும் ஒருவருக்கு எதிராக 85 சதவீதம் வெல்லும். அப்படிப்பட்ட ஒன்பது பேர் கடைசிவரை இருந்தால் 31 சதவீதம்.

"ஐந்து முறை பிளஷ் தவறிவிட்டது, இந்த முறை வராமல் எங்கே போகும்" என்ற புலம்பலையும் சொல்லிவிடுகிறேன். 35 சதவீத வாய்ப்பு தொடர்ந்து ஐந்து முறை தவறுவது ஏறத்தாழ 9-இல் ஒன்று. ஒரு மாலை முழுக்க ஆடினால் சாதாரணமாகப் பார்க்கக்கூடியதுதான். ஆறாவது முறை கட்டைக் கலைக்கும்போது முந்தைய ஐந்தும் சீட்டுகளுக்குத் தெரியாது. பார்க்காத 47-இல் அதே 9.