கோபம் வரும் மணியைக் குறித்து வைத்தேன்

பொறுமைக்காக ஜெபித்தால் மட்டும் போதாது, அது எங்கே உடைகிறது என்று தெரிய வேண்டும். ஒரு நோட்டில் 7 நாள் குறித்தேன்: மணி, இடம், அதற்குச் சற்று முன் நடந்தது. பாதிக்கு மேல் காலை 7 முதல் 8 வரை, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் நேரம். மீதி பெரும்பாலும் பசி நேரம். பையையும் சீருடையையும் ராத்திரியே எடுத்துவைத்து, 20 நிமிஷம் முன்னால் எழுந்ததில் அந்தச் சண்டைகள் குறைந்தன.

சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டால் சங்கீதம் 141:3: “கர்த்தாவே, என் வாய்க்குக் காவல் வையும்.” மூச்சை மெதுவாக விட்டபடி மனசுக்குள் ஒரு தரம். சத்தமாகச் சொன்னால் எதிரே நிற்பவருக்குக் குத்தலாகப் படும்.

வாயை மூடிக்கொண்டு உள்ளே புழுங்குவது பொறுமை அல்ல. பலர் தவறுவது இங்கேதான். கலாத்தியர் 5:22 நீடிய பொறுமையை ஆவியின் கனி என்கிறது. யாக்கோபு 5:7-ல் மழைக்குப் பொறுமையாய்க் காத்திருக்கும் பயிரிடுகிறவனை நம் தாமிரபரணிக் கரை விவசாயிக்கு விளக்க வேண்டாம். பிசானப் பருவ நெல் நட்டவர் மழைக்குக் காத்திருக்கிறார், ஆனால் சும்மா இருப்பதில்லை: வரப்பு வெட்டுகிறார், களை பறிக்கிறார். திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் பிள்ளைகளை எடுத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல், 1931-ல் கீழே விழுந்து அடிபட்டபின், 1951-ல் மறையும்வரை பெரும்பாலும் அறையிலேயே கிடந்தார், எழுதுவதை நிறுத்தவில்லை.

பொழுது அடையுமுன் எரிச்சல் தணியட்டும் என்கிறது எபேசியர் 4:26. தவறிய நாளில் அதற்குள் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும், சின்னப் பிள்ளையிடமானாலும். “நீ அப்படிச் செஞ்சதாலதான்” என்று சேர்த்தால் அது மன்னிப்பு ஆகாது. திரும்பக் கேட்க வேண்டும்.