பார்த்தீனியச் சாறும் முளைவேரும்: சோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லேபிள் ஒட்ட மறப்பது, தட்டைக் காயவிடுவது எல்லாம் ஒருமுறை பட்டாலே திருந்திவிடும். களைச்செடி பக்கத்துச் செடியின் வேரை வேதிப்பொருளால் முடக்குகிறதா என்று பார்க்கும் சோதனையில், திருந்தாமலே தொடரும் தவறுகள் வேறு.

வெறும் தண்ணீர் மட்டுமே கன்ட்ரோல் (ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் தட்டு)

பார்த்தீனிய இலைப்பொடி 10 கிராமை 100 மில்லி தண்ணீரில் 24 மணி நேரம் ஊறவைத்து வடிகட்டி, அதில் முள்ளங்கி விதை போடுகிறார்கள். பக்கத்துத் தட்டில் காய்ச்சி வடித்த நீர். சாற்றில் வேர் குட்டையானதும், பார்த்தீனியத்தில் உள்ள ‘பார்த்தீனின்’ என்ற நச்சுப்பொருள் வேலை செய்துவிட்டது என்று எழுதிவிடுகிறார்கள்.

சாற்றில் பார்த்தீனின் மட்டுமா இருக்கிறது? பொட்டாசியம் உப்பு, சர்க்கரை, கரிம அமிலம் எல்லாம் சேர்ந்தே கரைந்திருக்கும். இவற்றால் சவ்வூடு அழுத்தம் ஏறினாலே முளைவேர் நீரை உறிஞ்சத் திணறும். வேர் குறுக நஞ்சே தேவையில்லை.

சாற்றின் சவ்வூடு அழுத்தத்தை ஆஸ்மோமீட்டர் கருவியில் அளந்து, அதே அளவுக்கு மானிட்டால் (சர்க்கரை போன்ற ஒரு பொருள்) கரைசலை இன்னொரு கன்ட்ரோலாக வையுங்கள். 100 மில்லிஆஸ்மோல் காட்டினால் லிட்டருக்குச் சுமார் 18 கிராம் மானிட்டால். மின்கடத்தும் திறனை அளக்கும் இ.சி. மீட்டரை நம்ப வேண்டாம். உப்பைக் காட்டும், சர்க்கரையைக் காட்டாது. பி.எச். அளவையும் சாற்றுக்குச் சமமாக்குங்கள். மானிட்டால் தட்டைவிடச் சாற்றுத் தட்டில் வேர் எவ்வளவு கூடுதலாகக் குறைகிறதோ, அதை மட்டுமே வேதிப்பொருளின் கணக்கில் எழுதலாம். இந்த ஒரு தட்டு இல்லாததால் ஒரு பருவத்து உழைப்பே செல்லாமல் போவதுதான் இன்னமும் எரிச்சலூட்டுகிறது. 10 சதவீதச் சாறு ஒன்றோடும் நிற்காதீர்கள், 5, 2.5, 1, 0.5 என்று இறங்கிப் பாருங்கள்.

முளைப்பை மட்டும் எண்ணுவது

வேரை அளந்து பாருங்கள். முளைப்புச் சதவீதம் அசையாதபோதே வேர் குறுகியிருக்கும்.

சாற்றை மேசையில் விடுவது

சாற்றில் உள்ள வேதிப்பொருளை நுண்ணுயிர் தின்றுவிடும். 4 டிகிரியில் வையுங்கள், சீக்கிரம் தீர்த்துவிடுங்கள்.

தட்டில் கண்டதை வயலுக்கு நீட்டுவது

ஃபில்டர் பேப்பரில் களிமண் இல்லை, மட்கும் இல்லை. மண்ணில் இவை வேதிப்பொருளைப் பிடித்துவைக்கும், மிச்சத்தை நுண்ணுயிர் சிதைக்கும். வட அமெரிக்காவில் பரவிய ஸ்பாட்டட் நாப்வீட் களை, கேட்டச்சின் என்ற வேதிப்பொருளை வேரிலிருந்து கசியவிட்டு அண்டைச் செடிகளைக் கொல்கிறது என்று 2003-ல் ‘சயின்ஸ்’ இதழில் பெரிதாக ஒரு கட்டுரை வந்தது. மண்ணில் அத்தனை கேட்டச்சினை மற்ற ஆய்வகங்களால் காண முடியவில்லை. 2010-ல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. வேரடி மண்ணில் வேதிப்பொருள் எவ்வளவு இருக்கிறது என்று முதலில் அளந்து பாருங்கள். அந்தச் செறிவில் தட்டுச் சோதனை செய்யுங்கள்.

கரித்தூளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவது

களையின் நஞ்சை உறிஞ்சி எடுக்க மண்ணில் கலக்கும் கரித்தூள் (ஆக்டிவேட்டட் கார்பன்) நஞ்சை மட்டும் பிடிக்காது. மண்ணின் சத்தையும் நுண்ணுயிரையும் மாற்றும். களை உள்ள தொட்டி, இல்லாத தொட்டி இரண்டிலும் கரி போட்டது ஒன்று, போடாதது ஒன்று என நான்கு வகையும் வேண்டும்.