எக்ஸெல்லில் தலைப்பை நடுவில் வைக்கப்போய் கணக்கைக் கெடுக்கும் தவறுகள்

காசிமேட்டில் படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் ஒரு கடையின் கணக்கை எடுத்துக்கொள்வோம். முதல் நெடுவரிசையில் படகின் பெயர், அடுத்து தேதி, அப்புறம் எத்தனை பார் (ஐஸ் கட்டி), எவ்வளவு ரூபாய். ஒரே படகு நான்கு நாள் ஐஸ் ஏற்றியிருக்கிறது: 1,200, 800, 950, 650. ஒரே பெயரை எதற்கு நான்கு தடவை அடிக்க வேண்டும் என்று நான்கு செல்லையும் ஒன்றாக இணைத்து, பெயரை நட்டநடுவில் நிறுத்தியாகிவிட்டது. பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. மாதக் கடைசியில் அந்தப் படகு எவ்வளவு தர வேண்டும் என்று சம்இஃப் ஃபார்முலா (கேட்ட பெயர் உள்ள வரிசைகளை மட்டும் கூட்டுவது) போட்டால் 1,200 என்று வருகிறது. வரவேண்டியது 3,600. எந்த எச்சரிக்கையும் கிடையாது. 2,400 ரூபாய் சத்தமில்லாமல் விடுபட்டுப் போகிறது.

காரணம் எளிது. செல்களை இணைத்தால் இடது மேல் மூலையில் உள்ள செல்லில் மட்டும்தான் எழுத்து இருக்கும். மற்ற மூன்றும் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் ஷீட்டில் இருக்கின்றன, காலியாக. ஃபார்முலா ஒவ்வொரு வரிசையாகத்தான் பார்க்கிறது. முதல் வரிசையில் படகின் பெயர் இருக்கிறது, கூட்டிக்கொள்கிறது. அடுத்த மூன்றில் பெயர் இல்லை, விட்டுவிடுகிறது. ஃபில்டர் போட்டாலும் இதே கதை, ஒரு வரிசை மட்டும் வந்து நிற்கும். டேட்டாவைத் தொகுத்துக் காட்டும் பிவட் டேபிளில் மற்ற மூன்றும் பெயரில்லாத ஒரு கூட்டத்தில் போய்ச் சேரும்.

இந்த மாதிரி ஷீட்டுகள் வடசென்னையில் நிறைய. எம்.சி. ரோடு ஜவுளிக்கடைகளின் ஸ்டாக் பட்டியல், மணலிப் பக்கம் கன்டெய்னர் யார்டுகளின் வரவு-போக்கு, ராயபுரத்து லாரி புக்கிங் கணக்கு எல்லாமே முதலில் பிரின்ட் எடுத்து முதலாளி மேஜையில் வைப்பதற்காகத்தான் போடப்பட்டிருக்கும். காகிதத்தோடு வேலை முடிந்தால் எதை வேண்டுமானாலும் இணைத்துக்கொள்ளலாம், யாருக்கும் நஷ்டம் இல்லை. ஆனால் அதே ஃபைல் அடுத்த வாரம் ஆடிட்டர் ஆபீசுக்கு மெயிலில் போகும். அவர் சார்ட் செய்து, அதாவது வரிசைப்படுத்திப் பார்ப்பார். இணைத்த செல்கள் எல்லாம் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்று சொல்லி எக்ஸெல் கையை விரித்துவிடும். போன் வருவது அப்போதுதான்.

செல்களை இணைக்கும் மெர்ஜ் பட்டனை அழுத்துகிறவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. ஹோம் டேப்பில், கண் படுகிற இடத்தில், பெரிதாக வைத்திருக்கிறார்கள். அதைவிட நல்ல வழியை ஒரு பெட்டிக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

ஒளிந்திருக்கும் வழி

அதன் பெயர் சென்டர் அக்ராஸ் செலக்‌ஷன். தலைப்பை எந்தெந்த நெடுவரிசைகளுக்கு நடுவில் காட்ட வேண்டுமோ, அவற்றில் இடது ஓரச் செல்லில் தலைப்பை அடியுங்கள். அங்கிருந்து வலது ஓரம் வரை தேர்ந்தெடுங்கள். கன்ட்ரோல் 1 அழுத்தினால் ஃபார்மட் செல்ஸ் பெட்டி திறக்கும். அலைன்மென்ட் டேபில் ஹாரிசான்டல் என்ற பட்டியலைத் திறந்து சென்டர் அக்ராஸ் செலக்‌ஷனைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். எழுத்து நடுவில் வந்து உட்கார்ந்துவிடும். செல்கள் தனித்தனியாகவே இருக்கும். அடுத்த தலைப்புக்கும் இதையே செய்ய வேண்டுமானால், அந்தச் செல்களைத் தேர்ந்தெடுத்துவிட்டு எஃப்4 தட்டினால் போதும், கடைசியாகச் செய்ததைத் திரும்பச் செய்யும். சில லேப்டாப்பில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மெர்ஜ் பட்டனின் பக்கத்து அம்பை அழுத்தினால் மெர்ஜ் அக்ராஸ் என்று ஒன்று வரும். பெயரில் அக்ராஸ் இருப்பதால் இதுதான் அது என்று நினைத்துவிடுகிறார்கள். இல்லை. அதுவும் இணைப்பதுதான், வரிசைக்கு வரிசை தனித்தனியாக இணைக்கும், அவ்வளவே வித்தியாசம்.

இதிலும் செய்யும் தவறுகள்

சென்டர் அக்ராஸ் போட்டுவிட்டால் எல்லாம் சரி என்று இருந்துவிட முடியாது. முதலில், எழுத்து இடது ஓரச் செல்லில்தான் இருக்க வேண்டும். நடுச் செல்லில் அடித்துவிட்டு இதைப் போட்டால், அந்தச் செல்லிலிருந்து வலப்பக்கம் உள்ள காலிச் செல்களுக்குள் மட்டும் நடுவாகும். இடப்பக்கம் வெறிச்சென்று கிடக்கும். இடையில் ஏதாவது ஒரு செல்லில் எழுத்து இருந்தால், தலைப்பின் எல்லை அதற்கு முன்னாலேயே முடிந்துவிடும். அந்த எழுத்து ஒரே ஒரு ஸ்பேஸாக இருந்தாலும் இதே நிலைதான். தலைப்பு ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கிறதே என்று குழம்பினால், பக்கத்துச் செல்களைத் தேர்ந்தெடுத்து டெலீட் விசையைத் தட்டிப் பாருங்கள்.

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தலைப்புகள் வரும்போது இன்னொரு வேடிக்கை நடக்கும். கன்டெய்னர் யார்டு கணக்கில் 20 அடி என்று ஒரு தலைப்பு, 40 அடி என்று அடுத்த தலைப்பு. ஒவ்வொன்றின் கீழும் வந்தது, போனது, இருப்பு என மூன்று நெடுவரிசைகள். இரண்டு தலைப்புக்கும் சென்டர் அக்ராஸ் போட்டிருக்கிறது. யாரோ 40 அடி என்பதை அழித்துவிட்டு, அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். உடனே 20 அடி ஆறு நெடுவரிசைக்கும் நடுவில் போய் நின்றுகொள்ளும். ஏனென்றால் எல்லை எங்கே முடிகிறது என்பதை எக்ஸெல் தனியாக ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. அடுத்த எழுத்து வரும் வரை, அதே அமைப்புள்ள காலிச் செல்கள் அத்தனையையும் சேர்த்துக்கொள்ளும். இரண்டாவது தலைப்பில் தற்காலிகமாக ஒரு சிறு கோடாவது போட்டு வையுங்கள்.

இந்த ஷீட்டை வேறொருவர் திறந்தால் அவருக்கு ஒரு சந்தேகம் வரும். தலைப்பு தெரிகிற இடத்தில் கிளிக் செய்தால் மேலே ஃபார்முலா பாரில் ஒன்றும் இருக்காது.

“அண்ணே, எழுத்து கண்ணுக்குத் தெரியுது, அழிச்சா அழிய மாட்டேங்குதே?”

“இடது ஓரத்துல போய்ப் பாரு தம்பி, அங்கதான் இருக்கும்.”

இப்படி ஒரு பேச்சு கட்டாயம் நடக்கும். அதைச் சொல்லாமல் விட்டால், அவர் நடுச் செல்லில் புதுத் தலைப்பை அடித்து இரண்டாக்கிவிடுவார். இடது ஓர நெடுவரிசையையே நீக்கினாலோ தலைப்பும் சேர்ந்து போய்விடும்.

இன்னும் முக்கியமானது: பிவட் டேபிள் கேட்கும் தலைப்பு வரிசையில் சென்டர் அக்ராஸும் உதவாது. ஒவ்வொரு நெடுவரிசைக்கும் பெயர் இருந்தே ஆக வேண்டும், ஒரு செல் காலியாக இருந்தாலும் பெயர் சரியில்லை என்று மறுத்துவிடும். கடைப் பெயர், மாதம், 20 அடி, 40 அடி போன்ற அலங்காரத் தலைப்புகளை மேலே வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே, டேட்டாவை ஒட்டி, ‘20 அடி வந்தது’, ‘20 அடி போனது’ என்று முழுப்பெயருடன் ஒரு வரிசை. தமிழில் தலைப்புகள் நீளமாகும் என்பது உண்மைதான். அதற்கு, எழுத்தைச் செல்லுக்குள்ளேயே அடுத்த வரிக்கு மடிக்கும் ராப் டெக்ஸ்ட் இருக்கிறது. வேண்டிய இடத்தில் ஆல்ட் என்டர் தட்டி வரியை உடைத்துக்கொள்ளலாம்.

டேட்டாவுக்கு நடுவே அறிவிப்புப் பலகை

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, ஐஸ் கணக்கும் படுத்துவிடும். அதனால் ஏப்ரல் 14-க்கும் ஜூன் 15-க்கும் இடையில் ஒரு வரிசை முழுவதையும் மஞ்சளாக்கி, ‘தடைக்காலம்’ என்று குறுக்கே எழுதி வைக்கத் தோன்றும். இணைத்தாலும் சரி, சென்டர் அக்ராஸ் போட்டாலும் சரி, இரண்டுமே இங்கே தவறு. தேதி நெடுவரிசையில் தேதி அல்லாத ஒன்று புகுந்துவிட்டது. இணைத்திருந்தால் சார்ட்டே நடக்காது; சென்டர் அக்ராஸ் என்றால், சார்ட் செய்ததும் அந்த மஞ்சள் வரிசை எல்லாத் தேதிகளுக்கும் கீழே போய் விழும். மாதவாரியாகப் பிரிக்கும் எந்த ஃபார்முலாவும் அங்கே பிழை காட்டலாம். குறிப்பு என்று கடைசியில் ஒரு நெடுவரிசை வைத்து அதில் எழுதுங்கள். மஞ்சள் நிறம் வேண்டுமானால் பூசிக்கொள்ளுங்கள், நிறத்தால் கணக்குக்கு ஆபத்தில்லை.

ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி எழுத்தை நடுவுக்குத் தள்ளுவதும் இன்னும் ஒழியவில்லை. ஃபான்டை மாற்றினாலோ அகலத்தை மாற்றினாலோ நடு நடுவாக இருக்காது. அதைவிட மோசம், முன்னால் ஸ்பேஸ் உள்ள பெயரும் இல்லாத பெயரும் பெயரைத் தேடி விவரம் எடுக்கும் விலுக்கப் ஃபார்முலாவுக்கு இரண்டு வேறு பெயர்கள். ஏற்கெனவே நடந்துவிட்டிருந்தால் டிரிம் ஃபார்முலா சுத்தம் செய்யும். எழுத்து கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்க வேண்டும் என்றால் ஹோம் டேபிலேயே இன்க்ரீஸ் இன்டென்ட் இருக்கிறது.

மேலிருந்து கீழே இணைத்திருந்தால்

சென்டர் அக்ராஸ் இடமிருந்து வலம் மட்டும்தான். மேலிருந்து கீழாக அப்படி ஒரு வசதி எக்ஸெல்லில் இல்லை. எனவே ஐஸ் கடைப் படகுப் பெயர் போன்ற இடங்களில் ஒவ்வொரு வரிசையிலும் பெயரை எழுதுவது ஒன்றே வழி. திரும்பத் திரும்ப வருவது கண்ணை உறுத்தினால், மேலே உள்ள செல்லும் இதுவும் ஒன்றானால் எழுத்தை வெள்ளையாக்கு என்று கண்டிஷனல் ஃபார்மட்டிங் போடலாம். எனக்கு அதில் அவ்வளவு விருப்பம் இல்லை. தேதியை வைத்து ஃபில்டர் செய்யும்போது மேல் வரிசை மறைந்துவிடும், கீழே உள்ள பெயர் வெள்ளையாகவே நிற்கும், யாருடைய கணக்கு என்றே தெரியாது. பிரின்ட்டுக்கு முன்னால் மட்டும் போட்டுக்கொள்ளலாம்.

ஏற்கெனவே இணைத்து வைத்த பழைய ஃபைல் கைக்கு வந்தால், முதலில் ஒரு காப்பி எடுத்து வையுங்கள். எங்கெங்கே இணைத்திருக்கிறார்கள் என்று தேட, கன்ட்ரோல் எஃப் பெட்டியில் ஆப்ஷன்ஸ், ஃபார்மட், அலைன்மென்ட் என்று போய் மெர்ஜ் செல்ஸ் என்பதை டிக் செய்து ஃபைண்ட் ஆல் கொடுத்தால் முழுப் பட்டியலும் வரும். அன்மெர்ஜ் செய்தபின் பெயர் முதல் செல்லில் மட்டும் இருக்கும். அந்த நெடுவரிசையில் டேட்டா உள்ள பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல் ஜி, ஸ்பெஷல், பிளாங்க்ஸ். காலிச் செல்கள் மட்டும் தேர்வாகி நிற்கும். வேறெங்கும் கிளிக் செய்யாமல் சமக்குறி அடித்து, மேல் அம்பைத் தட்டி, கன்ட்ரோல் என்டர் கொடுங்கள். எல்லாச் செல்லிலும் பெயர் நிரம்பிவிடும். பெயருக்குப் பதிலாக ஃபார்முலாவே எழுத்தாகத் தெரிந்தால், அந்த நெடுவரிசை டெக்ஸ்ட் ஃபார்மட்டில் இருக்கிறது. அந்த ஃபார்முலா எழுத்துகளை அழித்து, ஜெனரலுக்கு மாற்றிவிட்டு மறுபடி செய்யுங்கள். முடிந்ததும் அந்தப் பகுதியை காப்பி செய்து அதே இடத்தில் பேஸ்ட் வேல்யூஸ் போட மறக்கக் கூடாது. இல்லையென்றால் அவை இன்னும் மேல் செல்லைப் பார்க்கும் ஃபார்முலாக்கள்தான். ஒரு தடவை சார்ட் செய்தால் ஒரு படகின் கடன் இன்னொரு படகின் தலையில் விழும்.

கூகுள் ஷீட்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இடது, நடு, வலது என்ற மூன்று அலைன்மென்ட்தான். அங்கே தலைப்பை இணைத்துவிட்டு, பெயர் நெடுவரிசையை மட்டும் நகராமல் நிறுத்தி வைக்க ஃப்ரீஸ் செய்யப் போனால், இணைத்த செல்லின் ஒரு பகுதியை மட்டும் ஃப்ரீஸ் செய்ய முடியாது என்று தடுத்துவிடும். ஐந்தோ ஏழோ, ஒற்றைப்படை எண்ணிக்கையில் நெடுவரிசைகள் ஏறக்குறைய ஒரே அகலத்தில் இருந்தால், நடு நெடுவரிசையின் செல்லில் தலைப்பை அடித்து சென்டர் கொடுங்கள். இருபுறமும் காலியாக இருந்தால் எழுத்து இரண்டு பக்கமும் வழிந்து நிற்கும். அகலங்கள் கன்னாபின்னாவென்று இருந்தால் தலைப்பை இடது ஓரத்திலேயே தடித்த எழுத்தில் விட்டுவிடலாம்.