இணைப்பு இருக்கிறது, ஆதாரம் எங்கே?

போன கோடை விடுமுறையில் எங்கள் தெருத் தம்பி ஒருவன், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறவன், மடிக்கணினியோடு வீட்டுக்கு வந்தான். தமிழ் விக்கிப்பீடியாவில் கணக்குத் தொடங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. செங்கோட்டை, ஆரியங்காவு, மூணாறு, முல்லைப் பெரியாறு என்று தமிழ்நாடு–கேரள எல்லைக்கு இரண்டு பக்கமும் உள்ளதையெல்லாம் தன் மணல்தொட்டியில், அதாவது எழுதிப் பழகும் சோதனைப் பக்கத்தில், நீளமாக எழுதி வைத்திருந்தான். "அண்ணாச்சி, இருபத்திரண்டு ரெஃபரன்ஸ் போட்டிருக்கேன். ஒருத்தனும் கை வைக்க முடியாது" என்றான்.

சரி, ஒவ்வொன்றாகத் திறப்போம் என்றேன். டீ ஆறுவதற்குள் முதல் நான்கு போய்விட்டன. ஒன்று திறக்கவே இல்லை. ஒன்று ஒரு தங்கும் விடுதியின் விளம்பரப் பக்கம். இன்னொன்று விக்கிப்பீடியாவையே வரிக்கு வரி நகலெடுத்து வைத்திருக்கும் தளம். நான்காவது நல்ல நாளிதழ்ச் செய்திதான், ஆனால் அவன் எழுதிய வாக்கியத்தில் இருந்த எதுவும் அந்தச் செய்தியில் இல்லை. தேடும்போது முதலில் வந்தது, தலைப்பில் ஊர்ப் பெயர் இருந்தது, ஒட்டிவிட்டான்.

அவனைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. நான் ஆரம்பித்ததும் இப்படித்தான். அன்றைக்குத் தொடங்கி மூன்று நாள் உட்கார்ந்து அந்த இருபத்திரண்டையும் பார்த்தோம். அதில் கண்ட தவறுகளும், நானே முன்பு செய்தவையும்தான் இங்கே எழுதியிருப்பவை.

சுர்க்கி சர்க்கரையான கதை

முல்லைப் பெரியாறு அணையைப் பற்றி அவன் எழுதியிருந்த வாக்கியம்: "சுண்ணாம்பும் சர்க்கரையும் கலந்து கட்டப்பட்ட அணை." பக்கத்தில் ஓர் இணைப்பு. திறந்தால் ஆங்கிலக் கட்டுரை. அதில் இருந்த சொல் சுர்க்கி. சுட்ட செங்கல்லை இடித்தெடுக்கும் பொடிக்குத்தான் அந்தப் பெயர். சுண்ணாம்போடு அதைக் கலந்த காரையில் கற்களை அடுக்கி 1895-இல் கட்டி முடித்த அணை அது. ஏதோ ஒரு யூடியூப் வீடியோவில் சுர்க்கி சர்க்கரையாகிவிட, தம்பி அதைக் காதில் வாங்கி எழுதி, கையில் கிடைத்த ஆங்கில இணைப்பை அதற்குக் காவலாக நிறுத்திவிட்டான்.

"பழைய காலத்துல காரையில கருப்பட்டி போடுவாங்கல்ல?" என்று கேட்டான். போடுவார்கள்தான். நம் பக்கத்துப் பழைய வீடுகளைக் கட்டியவர்களைக் கேட்டால் வெல்லம், கடுக்காய் என்று இன்னும் நீளமாகவே சொல்வார்கள். ஆனால் இந்த அணையில் போட்டார்கள் என்று எழுத, இந்த அணையில் போட்டார்கள் என்று சொல்லும் மூலம் வேண்டும். அவன் கொடுத்த மூலம் அதைச் சொல்லவில்லை. நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். மேற்கோள் எண் நீல நிறத்தில் மின்னுகிறது, வாசகர் நம்பிவிடுகிறார், யாரும் அழுத்திப் பார்ப்பதில்லை.

இதையொட்டி இன்னொரு தவறும் உண்டு. ஒரு வாக்கியம் இருக்கும், அதன் முடிவில் சரியான மேற்கோள் இருக்கும். நீங்கள் நல்ல எண்ணத்தோடு இரண்டுக்கும் நடுவில் புதுச் செய்தி ஒன்றைச் செருகுவீர்கள். இப்போது அந்த மேற்கோள் உங்கள் வாக்கியத்துக்கும் சேர்த்துச் சாட்சி சொல்வதுபோல நிற்கும். இன்னொருவர் வந்து எண்ணை மட்டும் மாற்றுவார், மூலத்தைத் தொடமாட்டார். நாலு வருடம் கழித்துப் பார்த்தால் பத்தி முழுக்க ஒரே மேற்கோளில் தொங்கும், மூலத்தில் பாதிகூட இருக்காது. மேற்கோளை அது சொல்லும் செய்தியின் வாலிலேயே வையுங்கள். நடுவில் செருகினால் உங்கள் செய்திக்குத் தனி மேற்கோள் கொடுங்கள்.

அதே அணைப் பத்தியில் "142 அடி உயரமுள்ள அணை" என்றும் இருந்தது. 142 என்பது தேக்கிவைக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்த நீர்மட்டம், 2014 தீர்ப்பில் உறுதியானது. முழுக் கொள்ளளவுக்கான மட்டம் 152 அடி. அணையின் உயரம் இவை இரண்டும் அல்லாத வேறு கணக்கு. எண்ணுக்குப் பக்கத்தில் அது எதன் அளவு என்று எழுதாவிட்டால் அடுத்து வருகிறவர் கட்டாயம் குழப்புவார். இந்த விஷயத்தில் இரண்டு மாநில நாளிதழ்களும் சூடாகவே எழுதும், அந்தச் சூட்டை அப்படியே இறக்கிவிடாதீர்கள். "பிடிவாதம்", "துரோகம்" போன்ற சொற்களை எடுத்துவிட்டு, யார் எப்போது என்ன சொன்னார்கள் என்று இரு தரப்பு மூலங்களையும் வைத்தால் போதும்.

தொண்ணூற்றொன்பது வெள்ளம் எந்த வருடம்?

மூணாறு மலை ரயிலைப் பற்றிய பத்தியில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "1999-இல் பெருவெள்ளத்தில் ரயில் பாதை அழிந்தது" என்று போட்டிருந்தான். மேற்கோளாகக் கொடுத்திருந்த மலையாளப் பக்கத்தில் 99-ஆம் ஆண்டு வெள்ளம் என்றுதான் இருந்தது. கூகுள் மொழிபெயர்ப்பும் 99 என்றே சொல்லியிருக்கிறது. முன்னால் 19 சேர்த்தது தம்பியின் கைங்கரியம். நல்லவேளை, 1899 என்று போடவில்லை என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் அவன் கொடுத்த இன்னொரு வலைப்பதிவில் அதுவும் இருந்தது.

அந்த 99, கேரளத்தில் வழங்கும் கொல்லம் ஆண்டுக் கணக்கில் 1099-ஐச் சுருக்கிச் சொல்வது. கேரளத்தைப் புரட்டிப்போட்ட அந்த வெள்ளம் வந்தது 1924 ஜூலையில். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் பக்கம் ஓடிய குண்டளப் பள்ளத்தாக்கு ரயிலை அதுதான் கொண்டுபோனது. 1902-இல் ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி, 1908-இல் குறுகிய பாதையாக மாறிய ரயில் அது. 1899-இல் இல்லாத ரயிலை எந்த வெள்ளம் அடித்துப்போகும்? ஒரு பத்திக்குள் இருக்கும் இரண்டு ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதித் தவறு பல்லிளித்துவிடும்.

எல்லைப் பக்கம் எழுதுகிறவர்களுக்குக் கொல்லம் ஆண்டுக் கணக்கு கைவசம் இருக்க வேண்டும். பழைய பத்திரம், கோயில் மணி, கல்வெட்டு, திருவிதாங்கூர்க் கால அரசாணை எல்லாவற்றிலும் அந்த ஆண்டுதான் இருக்கும். வருடம் பிறப்பது சிங்க மாதத்தில், அதாவது நம் ஆவணியில். அதனால் கண்ணை மூடிக்கொண்டு ஒரே எண்ணைக் கூட்ட முடியாது. ஆவணி தொடங்கி டிசம்பர் முடியும் வரை 824 கூட்ட வேண்டும், ஜனவரி தொடங்கி ஆடி முடியும் வரை 825. ஜூலை வெள்ளத்துக்கு 1099-ஓடு 825 சேர்த்தால் 1924 வரும். மாதம் தெரியாதபோது "1923–24" என்று போடுவதுதான் நேர்மை. மூலத்தில் உள்ள கொல்லம் ஆண்டையும் கூடவே எழுதிவிடுங்கள். நீங்கள் கணக்கில் சறுக்கினால் இன்னொருவர் திருத்த முடியும்.

இன்றைய மாவட்டத்தைப் பழைய காலத்துக்கு மாட்டுவது

"வாஞ்சிநாதன் 1886-இல் தென்காசி மாவட்டம் செங்கோட்டையில் பிறந்தார்." தென்காசி மாவட்டம் உருவானது 2019-இல். சரி, திருநெல்வேலி மாவட்டம் என்று மாற்றிவிடலாமா? அதுவும் தப்பு. அன்றைக்குச் செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்து ஊர். 1956 நவம்பர் 1-இல் மாநிலங்களைப் பிரித்தபோதுதான் சென்னை மாநிலத்துக்கு வந்தது. 1911-இல் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டவர், பிரிட்டிஷாரின் நேரடி ஆட்சிக்கு வெளியே இருந்த ஒரு சமஸ்தானத்து ஊரில் பிறந்தவர் என்பது கதையில் முக்கியமான செய்தி. மாவட்டப் பெயரை மாற்றியதும் அது மறைந்துபோகிறது. "அன்றைய திருவிதாங்கூரின் செங்கோட்டை, இன்று தென்காசி மாவட்டம்" என்று எழுதினால் முடிந்தது.

வடக்கே ஆந்திர எல்லையிலும் இதே சண்டைதான். திருத்தணி 1960 ஏப்ரல் 1-இல் சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. அந்தச் சித்தூர் மாவட்டமே 1911-இல்தான் பிறந்தது. 1888-இல் திருத்தணியில் பிறந்த, பின்னாளில் குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணனுடைய பிறப்பிடத்தில் ஒருவர் ஆந்திரம் என்றும் இன்னொருவர் திருவள்ளூர் மாவட்டம் என்றும் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தால் இரண்டு பேருமே தோற்றவர்கள். அப்போது அது சென்னை மாகாணத்தின் வட ஆற்காடு மாவட்டம்.

மலையாள மூலமா? கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்

மலையாள நூலையும் நாளிதழையும் தமிழ்க் கட்டுரைக்கு ஆதாரமாகக் காட்டுவதில் ஒரு குற்றமும் இல்லை. இந்தப் பக்கத்துக்கு அவை இல்லாமல் முடியாது. சிக்கல் என்னவென்றால், நமக்கு மலையாளம் தெரியும் என்று நாம் நினைத்துக்கொள்வது. அங்கே அவசரம் என்றால் வாய்ப்பு. யோகம் என்றால் கூட்டம். சம்சாரம் என்றால் பேச்சு. வெள்ளம் என்பது குடிக்கிற தண்ணீருக்கும் சொல்வது, பெருக்கெடுத்து வந்தால் வெள்ளப்பொக்கம். "யோகம் நடந்தது" என்பதை யோகாசன வகுப்பாக்கிய ஒரு வரியை நானே பார்த்திருக்கிறேன். பெரியவர்கள் சிலர் அதைப் பாராட்டியும் இருந்தார்கள்!

ஊர்ப் பெயர்களை ஆங்கிலம் வழியாக எடுக்காதீர்கள். செங்கோட்டையின் பழைய ஆங்கில எழுத்தை மொழிபெயர்ப்புக் கருவி ஷென்கோட்டா என்று தருகிறது. தம்பியின் வரைவில் அப்படியே கிடந்தது, அதுவும் செங்கோட்டைக்காரன் எழுதியதில். ஆங்கிலக் கட்டுரையை மொழிபெயர்க்கும்போது அங்குள்ள மேற்கோள்களும் கூடவே வந்துவிடும். அவற்றைத் திறக்காமல் பதிப்பித்தால், ஆங்கிலத்தில் யாரோ செய்த தவறுக்கும் நீங்கள்தான் பொறுப்பு.

செத்த இணைப்பைப் புதைக்காதீர்கள்

திறக்காத இணைப்பைக் கண்டதும் அழித்துவிடுவது பலருக்குப் பழக்கம். சுத்தம் செய்த திருப்தி கிடைக்கும், ஆனால் அந்தச் செய்தி எங்கிருந்து வந்தது என்ற தடயமே போய்விடும். அரசுத் தளங்கள் முகவரி மாறுவது சாதாரணம். மாவட்டம் பிரிந்தால் பக்கங்களும் இடம் மாறும். முதலில் இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷினில் அந்த முகவரியை ஒட்டிப் பாருங்கள். 2001 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் கிடங்கு அது. கிடைத்தால் மூல முகவரியை அப்படியே வைத்து, சேமித்த பிரதியின் முகவரியையும் அதன் தேதியையும் சேர்த்துவிடுங்கள். பதிலுக்கு அந்தத் தளத்தின் முகப்புப் பக்கத்தைக் கொடுப்பது, வீட்டு எண் கேட்டவருக்குத் தாலுகா பெயரைச் சொல்வது மாதிரி.

பழைய தமிழ்ச் செய்தித் தளங்களில் ஒரு கூடுதல் தலைவலி. யுனிகோடு பரவுவதற்கு முன் ஆளுக்கொரு எழுத்துரு வைத்திருந்தார்கள். சேமித்த பக்கம் திறக்கும், ஆனால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் கொட்டிக் கிடக்கும். பக்கம் கெட்டுவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். எழுத்துரு மாற்றியில் போட்டால் தமிழாகிவிடும். புதிதாக இணைப்புக் கொடுக்கும்போதே அதை ஆவணகத்தில் சேமித்துவிட்டால் பின்னால் வருகிறவருக்கு இந்தப் பாடு இல்லை.

இணைப்பை மட்டும் மொட்டையாகப் போடுவதும் இதோடு சேர்ந்ததுதான். தலைப்பு, எழுதியவர், நாளிதழ், தேதி எல்லாம் எழுதியிருந்தால் இணைப்பு செத்தாலும் நூலகத்தில் தேடலாம். நூல் என்றால் பக்க எண் கட்டாயம். நாகமய்யாவின் 1906 திருவிதாங்கூர் கையேட்டைக் காட்டுகிறவர்கள் "பக். 212" என்று மட்டும் எழுதுகிறார்கள். அது மூன்று தொகுதி. எந்தத் தொகுதி என்று யார் தேடுவது?

நான் செய்த பாவம்

பல வருடம் முன்பு, எங்கள் பக்கத்து ஒரு சிற்றூரின் பெயர்க் காரணத்தை ஆச்சி சொன்னபடி ஒரு கட்டுரையில் எழுதினேன். ஆதாரம் கிடையாது. யாரும் கேட்கவில்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு நாளிதழ் இணைப்பிதழில் அதே வாக்கியம், நான் விட்டிருந்த சந்திப் பிழையோடு வந்தது. அடுத்த மாதம் ஒரு பயனர் அந்த இணைப்பிதழையே மேற்கோளாகக் கொண்டுவந்து என் வாக்கியத்துக்குச் சேர்த்தார். ஆச்சியின் கதை மூன்று சுற்றுச் சுற்றி வரலாறாகிவிட்டது. நானேதான் அதை நீக்கினேன், கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் நடந்ததையும் எழுதினேன்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கட்டுரையின் "வரலாறு" பக்கத்தில் அந்த வாக்கியம் எந்தத் தேதியில் நுழைந்தது என்று பாருங்கள். மேற்கோளாகக் காட்டும் செய்தி அதற்குப் பிந்தியது என்றால் சந்தேகப்படுங்கள். சொல்லும் ஒன்றுபோல இருந்தால் அது பெரும்பாலும் விக்கிப்பீடியாவிலிருந்தே போனது.

"எங்க ஊர்தானே, எனக்குத் தெரியாதா?" என்பதுதான் இந்தப் பாவத்துக்கு வேர். தெரியும், ஆனால் கொச்சியிலோ கோலாலம்பூரிலோ படிக்கிறவர் அதை எப்படிச் சரிபார்ப்பார்? கல்வெட்டை நீங்களே படித்து எழுதாதீர்கள். தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளிலும் திருவிதாங்கூர் தொல்லியல் வரிசையிலும் அது வந்திருக்கிறதா என்று பாருங்கள். தலபுராணத்தைத் தலபுராணம் என்றே சொல்லி எழுதலாம், அதில் வரும் ஆயிரம் ஆண்டைக் கோயிலின் வயதாக்கக் கூடாது. ஊரைத் தெரிந்தவர் தானே எடுக்கும் படத்துக்கு மட்டும் மேற்கோள் தேவையில்லை. கல்வெட்டு, பாலம், பழைய ஸ்டேஷன் எல்லாவற்றையும் எடுத்து, விக்கிமீடியாவின் படக் கிடங்கான பொதுவகத்தில் ஏற்றிவிடுங்கள்.

மற்றபடி, என்ன மாற்றினீர்கள் என்று சொல்லும் திருத்தச் சுருக்கத்தைக் காலியாக விடாதீர்கள். உங்கள் திருத்தத்தை ஒருவர் நீக்கினால் திரும்பத் திரும்பப் போட்டு மல்லுக்கு நிற்காமல் பேச்சுப் பக்கத்தில் கேளுங்கள். அங்கே தீராவிட்டால் ஆலமரத்தடி என்ற பொது உரையாடல் பக்கத்தில் கேளுங்கள். அவ்வளவுதான்.

தம்பியின் இருபத்திரண்டில் ஒன்பது தேறியது. ஐந்து புதிதாகக் கிடைத்தன, அதில் இரண்டு தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில். கழுதுருட்டிப் பக்கத்துப் பதிமூன்று கண் பாலத்தைக் கம்பியே இல்லாமல் சர்க்கரைக் காரையில் கட்டினார்கள் என்ற வரிக்கு மட்டும் ஒன்றும் அகப்படவில்லை. "இங்கயும் சுர்க்கிதானா அண்ணாச்சி?" என்றான். அந்த வரியை மட்டும் அவன் மணல்தொட்டியிலேயே விட்டு வைத்திருக்கிறான், "மேற்கோள் தேவை" என்ற வார்ப்புருவோடு.