முதல் முறை படகு வாடகைக்கு எடுக்கிறீர்களா? சாவி வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

விடுமுறைக்குப் பாய்மரப் படகு எடுக்க மூன்று வழிகள் உண்டு. படகை மட்டும் வாடகைக்கு எடுத்து நீங்களே ஓட்டுவது ‘பேர்போட்’. படகோடு அதை ஓட்டும் ஸ்கிப்பரையும் அமர்த்திக்கொள்வது இரண்டாவது. சமையல்காரர் உட்பட முழுப் பணியாளர் குழுவோடு எடுப்பது மூன்றாவது. முதல் முறை என்றால், கையில் உரிமம் இருந்தாலும், குறைந்தது முதல் இரண்டு நாளாவது ஸ்கிப்பரை வைத்துக்கொள்ளுங்கள். தேர்வில் தேறுவது வேறு. பக்கக் காற்று தள்ளிக்கொண்டிருக்கும்போது 12 மீட்டர் படகைப் பின்னோக்கி ஓட்டி இரண்டு படகுகளுக்கு நடுவே நிறுத்துவது வேறு. ஸ்கிப்பருக்குப் படுக்க இடமும் சாப்பாடும் பெரும்பாலும் உங்கள் பொறுப்பு. ஆகவே ஆட்களை எண்ணும்போதே அவரையும் சேர்த்து எண்ணுங்கள். விளம்பரத்தில் ‘6+2’ என்று போட்டிருந்தால், கடைசி இரண்டு பேர் சாப்பாட்டு மேசையை மடக்கித்தான் படுக்க வேண்டும் என்று பொருள்.

நீங்களே ஓட்டுவதானால் உரிம விதி நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பாவில் பல இடங்களில் ஐசிசி எனப்படும் சர்வதேசப் படகோட்டும் தகுதிச் சான்றிதழ் செல்லும். குரோஷியாவில் அதோடு விஎச்எஃப் ரேடியோ (படகுகள் தங்களுக்குள்ளும் கரையோடும் பேசும் ரேடியோ) இயக்கும் சான்றும் கேட்பார்கள். கிரீஸில் உரிமம் உள்ளவரோடு படகு அனுபவமுள்ள இன்னொருவரும் இருக்க வேண்டும். முன்பணம் கட்டுவதற்கு முன்பே உரிமத்தின் நகலை அனுப்பி, ‘இது செல்லும்’ என்ற பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் வாடகைத் தொகையைவிட அதைச் சுற்றியுள்ளவற்றைப் பாருங்கள். டீசல், மரீனா (படகுத்துறை) கட்டணம், கடைசி நாள் துப்புரவு, படுக்கை விரிப்பு, கரைக்குப் போய்வரும் சின்னப் படகின் மோட்டார் இவையெல்லாம் வாடகைக்குள்ளா, வெளியேயா? பிணைத்தொகை எவ்வளவு, அது எத்தனை நாளில் திரும்பும்? அந்தத் தொகைக்குத் தனிக் காப்பீடு எடுக்கலாம். ஆனால் சின்னப் படகு, அதன் மோட்டார், பாய் கிழிவது, தரை தட்டுவது ஆகியவை அதில் அடங்குமா என்று கேளுங்கள். சிறிய எழுத்தில் விலக்கி வைப்பது பெரும்பாலும் இவற்றைத்தான். முழுக் குழுவோடு எடுக்கும் பெரிய படகுகளில் டீசல், சாப்பாடு போன்றவற்றுக்கு ஏபிஏ (செலவுக்கான முன்தொகை) என்று வாடகையில் 25 முதல் 35 சதவீதம் வரை முன்கூட்டியே வாங்குவார்கள். மிஞ்சினால் திருப்பித் தருவார்கள்.

படகை உங்களிடம் ஒப்படைக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் உங்கள் வாரமே இருக்கிறது. பயண அலுப்பில் ‘எல்லாம் சரிதான்’ என்று கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். முதலில் கைபேசியில் வீடியோ எடுங்கள்: பக்கவாட்டுக் கீறல்கள், சுக்கான், பாயின் தையல்கள், சின்னப் படகின் அடிப்பாகம், எஞ்சின் மணிக்கணக்கு, டீசல் முள். லைஃப் ஜாக்கெட்டுகளை எண்ணுவது போதாது, ஆளாளுக்குப் போட்டுப் பாருங்கள். தீயணைப்பான், அபாய ஒளிச்சுடர் இரண்டிலும் காலாவதித் தேதியைப் படியுங்கள். விஎச்எஃப் ரேடியோவில் அபாய அழைப்புக்கான 16ஆம் சேனலை எடுப்பது எப்படி என்று குழுவில் இன்னும் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

அடுத்து எஞ்சினை ஓடவிட்டுப் பின்பக்கம் போய்ப் புகைக்குழாயைப் பாருங்கள். புகையோடு தண்ணீரும் விட்டுவிட்டுக் கொப்பளிக்க வேண்டும். கடல்நீரை உறிஞ்சித்தான் எஞ்சின் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. தண்ணீர் வரவில்லையென்றால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். கடல்நீர் வால்வு மூடியிருக்கலாம், வடிகட்டியில் பாசியோ பிளாஸ்டிக் பையோ அடைத்திருக்கலாம், பம்புக்குள் இருக்கும் ரப்பர் சக்கரம் கிழிந்திருக்கலாம். முதல் இரண்டை நீங்களே சரிசெய்யலாம். மூன்றாவதற்கு உதிரிச் சக்கரம் படகில் இருக்கிறதா, எந்தப் பெட்டியில் என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

நங்கூரச் சங்கிலியை இழுக்கும் மோட்டாருக்குத் தனி மின் பிரேக்கர் உண்டு. பாரம் கூடினால் அது விழுந்து மோட்டார் நின்றுவிடும். அது இருக்கும் இடமோ ஏதாவது ஒரு படுக்கையின் அடியாக இருக்கும்! காற்று அடிக்கும் இரவில் மெத்தையைத் தூக்கித் தேடாமல் இருக்க இப்போதே கையால் தொட்டுப் பாருங்கள். மோட்டாரை எப்போதும் எஞ்சின் ஓடும்போது மட்டும் இயக்குங்கள். சங்கிலியில் பூசிய வண்ணக் குறி எத்தனை மீட்டருக்கு ஒன்று என்பதையும் கேளுங்கள்.

அந்தக் குறி இல்லாமல் நங்கூரம் போட முடியாது. கணக்கு இதுதான்: ஆழம் 5 மீட்டர், தண்ணீரிலிருந்து படகின் முன்முனை 1 மீட்டர் உயரம், ஆக 6. அதைப்போல் ஐந்து மடங்கு, அதாவது 30 மீட்டர் சங்கிலி விட வேண்டும். காற்று பலமாக வரும் என்றால் ஏழு மடங்கு, 42 மீட்டர். இரவில் ஓதம் ஏறி நீர்மட்டம் உயரும் இடமென்றால் அந்த உயரத்தையும் ஆழத்தோடு கூட்டிக்கொள்ளுங்கள். சங்கிலியை ஒரே இடத்தில் கொட்டாமல், படகு மெல்லப் பின்னால் நகர நகர விடுங்கள். பிறகு பின்கியரில் படிப்படியாக இழுத்துப் பாருங்கள். கரையில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரண்டு பொருள்களைக் குறிவையுங்கள், ஒரு மரமும் பின்னாலுள்ள கம்பமும் போல. இரண்டும் விலகிக்கொண்டே போனால் நங்கூரம் பிடிக்கவில்லை. பெரும்பாலும் கடற்புல்தான் காரணம். மேலே இழுத்து, மணல் வெளிறித் தெரியும் இடத்தில் மறுபடி போடுங்கள்.

உள்ளே தொல்லை தருபவை மூன்று: கழிவறை, தண்ணீர், பேட்டரி. கழிவறைக்குள் காகிதம் போட்டால் குழாய் அடைக்கும், அதைக் கழற்றப்போவது நீங்கள்தான். காகிதத்துக்குத் தனிப் பை வையுங்கள். தண்ணீர்த் தொட்டியில் சில நூறு லிட்டர்தான் இருக்கும். எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போதும் பம்பு ஓடும் சத்தம் கேட்டால் எங்கோ கசிகிறது, அல்லது தொட்டி காலி. பம்பை உடனே அணையுங்கள். சாதாரண ஈய-அமில பேட்டரி, மின் பாரமில்லாமல் சற்று நேரம் இருந்த பிறகு, நிறைந்திருந்தால் 12.7 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி தீர்ந்துவிட்டது. அதிகம் தின்பது குளிர்ப்பெட்டிதான்.

நாள் திட்டத்தில் பேராசை வேண்டாம். பாய்மரப் படகு சராசரியாக 5 நாட் வேகத்தில் போகும். அதாவது மணிக்கு 5 கடல் மைல், சுமார் 9 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு 20 கடல் மைல் போதும். பிற்பகல் மூன்று மணிக்குள் போய்ச் சேர்ந்தால் நல்ல இடம் கிடைக்கும், நங்கூரம் பிடிக்காவிட்டால் இடம் மாற்றவும் வெளிச்சம் இருக்கும். 17 நாட் வேகத்துக்கு மேல் காற்று என்று முன்னறிவிப்பு வந்தால் புதியவர்கள் துறையிலேயே இருப்பது நல்லது. பெட்டிக்குப் பதில் துணிப்பை கொண்டுபோங்கள். விறைப்பான பெட்டியை வைக்கப் படகில் இடமே இருக்காது. குமட்டல் மாத்திரையைக் கிளம்பும் முன்பே போட வேண்டும், வாந்தி தொடங்கிய பின் அல்ல.

கடைசி இரவு, புறப்பட்ட மரீனாவிலோ அதற்கு ஒரு மணி நேரத் தொலைவிலோ இருங்கள். திரும்பும் நாளில் டீசல் நிரப்ப வரிசை நீளும். முந்தைய மாலையே நிரப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். எங்காவது தரை தட்டியிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பல இடங்களில் ஆளை நீரில் இறக்கி அடிப்பாகத்தைப் பார்த்த பிறகுதான் பிணைத்தொகையை விடுவிப்பார்கள்.