ஓலைப்பெட்டியும் புளியமுத்தும்: ஆங்கில இடச்சொற்களைச் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது எப்படி?

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முதன்முதலாக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோது, பலகையில் ஒரு பட்டியல் எழுதினேன். இன் என்றால் உள்ளே, ஆன் என்றால் மேலே, அண்டர் என்றால் அடியில். அரைமணி நேரத்தில் எல்லோரும் ஒப்பித்துவிட்டார்கள். மறுநாள் ஒரு சிறுமி எழுந்து, என் தலைக்கு மேல் சுழன்றுகொண்டிருந்த மின்விசிறியைக் காட்டி, ‘த ஃபேன் இஸ் ஆன் த டீச்சர்’ என்றாள். அவள் மேல் ஒரு தவறும் இல்லை. ஆன் என்றால் மேலே என்று சொன்னது நான். விசிறியும் எனக்கு மேலேதான் இருந்தது.

அன்றோடு பட்டியலை விட்டுவிட்டேன். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுத் தார்சாவில் (முன்திண்ணையில்) நடக்கும் மாலை வகுப்பில் இப்போது என்ன செய்கிறேன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். புதிதாக டியூஷன் எடுப்பவர்களும், பிள்ளைகளுக்குத் தாங்களே சொல்லிக்கொடுக்க நினைக்கும் பெற்றோரும் அப்படியே செய்து பார்க்கலாம்.

பிள்ளைகள் எங்கே இடறுகிறார்கள் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பெட்டியில் கருப்பட்டி, சுவரில் கடிகாரம், பஸ் ஸ்டாப்பில் தாத்தா. தமிழில் மூன்றுக்கும் ஒரே ‘இல்’ போதும். ஆங்கிலத்தில் பெட்டிக்கு இன், சுவருக்கு ஆன், பஸ் ஸ்டாப்புக்கு அட். தமிழில் இடம் குறிக்கும் சொற்களுக்குப் பஞ்சம் இல்லை. இடத்தைக் குறிக்கும் ஏழாம் வேற்றுமைக்கு நன்னூல் 28 உருபுகளைச் சொல்கிறது. ஆனால் அன்றாடப் பேச்சில் ‘இல்’ ஒன்றே பெரும்பாலான வேலையைப் பார்த்துவிடுகிறது. தமிழ்ப் பொருளை எழுதிக்கொடுத்தால் பிள்ளை அந்த ‘இல்’லைத்தான் ஆங்கிலமாக்கும், கடிகாரம் சுவருக்குள் புகுந்துவிடும். அதனால் பொருளைக் கையில் கொடுங்கள், இடத்தைக் கண்ணுக்குக் காட்டுங்கள், சொல் அதற்குப் பிறகு வரட்டும்.

முதல் படி: சாமான் சேர்ப்பது

மூடியுள்ள ஒரு பனையோலைப் பெட்டி, ஒரு கைப்பிடி புளியமுத்து (புளியங்கொட்டை), ஒரு சுளவு (முறம்), ஒரு பாய். இவ்வளவுதான். படம் போட்ட அட்டைகளை இப்போது வாங்காதீர்கள். படத்தில் இருக்கும் பூனையைப் பிள்ளையால் எடுத்து வேறிடத்தில் வைக்க முடியாது. புளியமுத்தை வைக்க முடியும்.

இரண்டாம் படி: பேசச் சொல்லாமல் கேட்கவைப்பது

முதல் இரண்டு நாள் நீங்கள் மட்டும் பேசுங்கள். ‘புட் த சீட் இன் த பாக்ஸ்’ என்று சொல்லிக்கொண்டே நீங்களே ஒரு முத்தைப் பெட்டிக்குள் போடுங்கள். அடுத்து, சொல்லிவிட்டுப் பிள்ளையைப் போடவிடுங்கள். மூன்றாவது முறை கையால் சைகை காட்டாமல் சொல்லுங்கள். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் வகுத்த முறையின் அடிப்படை இதுதான்: கட்டளையைக் கேட்டு உடலால் செய்யட்டும், பேச்சு தானாக வரும். வாய் திறக்கக் கூச்சப்படும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டு நாள் பெரிய ஆறுதல்.

முதலில் இன், அண்டர் இரண்டு மட்டும் போதும். உள்ளே இருப்பதையும் அடியில் இருப்பதையும் எந்தப் பிள்ளையும் குழப்பிக்கொள்ளாது.

மூன்றாம் படி: ஆன்

இதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். ‘தொட்டால் ஆன்’ என்று சொல்லிக்கொடுங்கள். முத்து பாயைத் தொடுகிறது: ஆன் த மேட். கடிகாரம் சுவரைத் தொடுகிறது: ஆன் த வால். விசிறி டீச்சரைத் தொடவில்லை, அதனால் ஆன் இல்லை; அதற்கு அபவ் என்று வேறு சொல் இருக்கிறது.

இந்தப் பாடத்தை எனக்கு முழுமையாக நடத்தித் தந்தது ஒரு பல்லி. மேற்கூரையில் தலைகீழாக ஒட்டிக்கொண்டிருந்தது. “இது எங்கே இருக்கிறது?” என்று கேட்டேன். ‘அண்டர் த சீலிங்’ என்றார்கள் பாதிப் பேர். கூரைக்குக் கீழேதானே இருக்கிறது! ஒரு பையன் மட்டும் வெகுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, “கால் ஒட்டியிருக்கிறதே டீச்சர்… ஆன்!” என்றான். ‘மேலே’ என்ற தமிழ்ச் சொல் அங்கே உதவவே உதவாது. தொடுவதுதான் கணக்கு.

நான்காம் படி: வரிசையைத் திருப்புவது

சொல் தெரிந்த பிறகும் ‘த சீட் பாக்ஸ் இன்’ என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. நாம் பெட்டியைச் சொன்ன பிறகு உள்ளே என்கிறோம். ஆங்கிலத்தில் இன் முந்திக்கொள்ளும். விதியாகச் சொன்னால் ஏறாது. நான்கு பிள்ளைகளை நிற்கவையுங்கள். முதல் பிள்ளை கையில் முத்து, இரண்டாவது பிள்ளை கையில் பெட்டி, மூன்றாவது ‘உள்ளே’ என்ற அட்டை, நான்காவது ‘இருக்கிறது’ என்ற அட்டை. இடமிருந்து வலமாகப் படித்தால், முத்து பெட்டிக்கு உள்ளே இருக்கிறது.

இப்போது முத்து வைத்திருக்கும் பிள்ளை அசையக் கூடாது. மற்ற மூவரும் அப்படியே தலைமாறி நிற்கட்டும். முத்து, இருக்கிறது, உள்ளே, பெட்டி. அட்டைகளின் பின்பக்கத்தைத் திருப்பச் சொல்லுங்கள்: இஸ், இன். பெட்டிக்காரப் பிள்ளை ‘த பாக்ஸ்’ என்று ‘த’ சேர்த்தே சொல்ல வேண்டும். ‘த சீட் இஸ் இன் த பாக்ஸ்’ வந்துவிட்டது. எத்தனை முறை செய்தாலும் பிள்ளைகளுக்கு அலுக்காது. இடம் மாறும் ஓட்டத்திலேயே வரிசை மனத்தில் பதிந்துவிடும். என் வகுப்பில் அதிகப் பலன் தந்த பயிற்சி இதுதான், இதற்கு இரண்டு நாள் கூடக் கொடுங்கள்.

ஐந்தாம் படி: முன்னால், பின்னால், பக்கத்தில்

இன் ஃப்ரண்ட் ஆஃப், பிஹைண்ட் இரண்டையும் முகமுள்ள பொருளில் தொடங்குங்கள். நாற்காலிக்கும் பஸ்ஸுக்கும் முன்பக்கம் உண்டு. பனைமரத்துக்கு ஏது முன்பக்கம்? பார்ப்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்து அது மாறும். மரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. நம் ஊர்ப்பக்கம் வீட்டுக்குள்ளேயே திசை சொல்லிப் பேசுவது வழக்கம். ‘கொஞ்சம் தெற்கே தள்ளி உட்கார்’ என்பார்கள். கிணற்றுக்கு மேற்கே வாளி இருக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் தப்பு என்று வெட்டிவிடாதீர்கள். அது நல்ல இடஉணர்வு. ‘ஆமாம், நெக்ஸ்ட் டு த வெல்’ என்று பக்கத்திலேயே ஆங்கிலத்தை வைத்துவிட்டால் போதும்.

ஆறாம் படி: டவுனுக்கு ஒரு பஸ் பயணம்

பாளையங்கோட்டையில் ஏறி திருநெல்வேலி டவுன் வரை போங்கள். 1843-இல் திறந்த சுலோச்சன முதலியார் பாலத்தில் பஸ் ஏறியதும் கேளுங்கள்: நாம் எங்கே? ஆன் த பிரிட்ஜ். தாமிரபரணி எங்கே? அண்டர் த பிரிட்ஜ். ஆறு பாளையங்கோட்டைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவில் ஓடுவதால் பிட்வீன் என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது. ஜங்ஷன் தாண்டி ஈரடுக்கு மேம்பாலத்தில் போகும்போது கீழே ரயில் வந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

இதே பயணத்தில் இன்னொரு நுணுக்கமும் கிடைக்கும். நின்று நடக்க இடமுள்ள வண்டிக்கு ஆன்: ஆன் த பஸ், ஆன் த டிரெயின். குனிந்து ஏறி உட்கார மட்டும் முடிகிற வண்டிக்கு இன்: இன் த கார், இன் த ஆட்டோ. திரும்பும்போது ஆட்டோவில் வந்தால் பாடம் முடிந்தது.

ஏழாம் படி: பிள்ளை ஆசிரியராவது

எழுத்துத் தேர்வு வைக்காதீர்கள். நீங்கள் முத்துடன் உட்காருங்கள், பிள்ளை கட்டளையிடட்டும். ‘புட் த சீட் பிஹைண்ட் த பாக்ஸ்’ என்று அது சொன்னால் வையுங்கள். தவறாகச் சொன்னால் சொன்ன இடத்திலேயே வையுங்கள். நினைத்த இடத்தில் முத்து இல்லை என்று பார்த்ததும் பிள்ளையே வாக்கியத்தை மாற்றிச் சொல்லும். திருத்த நீங்கள் வாய் திறக்க வேண்டியதில்லை.

அட் என்ற சொல்லை இந்த வயதில் விளக்க முயலாதீர்கள். அட் ஹோம், அட் ஸ்கூல், அட் த பஸ் ஸ்டாப் என்று மூன்றை மட்டும் முழுத்தொடராகவே பழக்குங்கள். நான் விளக்க முயன்ற இரண்டு முறையும் பிள்ளைகள் அதுவரை சரியாகச் சொல்லிவந்த ‘இன்’ என்ற சொல்லையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டார்கள்.